குமரேசனுக்கு அரைக்கிலோ சாளை

அண்ணாச்சி, கொஞ்சம் இப்படி வந்து நில்லுங்களேன். இல்ல இல்ல, எனக்கு இடம் வேண்டாம். எனக்கு மறைப்பா நில்லுங்கன்னு சொல்லுதேன். அந்தா, காய்கறிக் கடைப் பக்கம் வெள்ளை ஜிப்பா போட்ட ஒருத்தர் சேனைக்கிழங்கத் தட்டிப் பாக்காரு பாருங்க. அவரு கண்ணுல பட்டேன்னா தொலைஞ்சேன். எங்க சைவ சபைக்குச் செயலாளர், உலகநாத பிள்ளைன்னு பேரு. நல்ல மனுசன்தான், ஆனா அந்த வாய் இருக்கே, ஓட்டை வாய். நான் மீன்கடையில நிக்கேன்னு தெரிஞ்சா சாயங்காலத்துக்குள்ள பாளையங்கோட்டை முழுக்கச் சொல்லி முடிச்சிருவாரு.

போயிட்டாரா? அப்பாடா.

நீங்க வாடிக்கையா வாறவரு போல. மீனோட செவுளத் தூக்கிப் பாக்குத தோரணையிலயே தெரியுது. எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணணும். இதுல சாளைங்கிறது எது, மத்தின்னும் சொல்லுவாங்களாமே? இதா? இவ்வளவுதானா? பேரக் கேட்டுட்டு முழ நீளத்துக்கு இருக்கும்னுல்லா நெனச்சேன். சிரிக்காதீங்க அண்ணாச்சி. அறுபத்திரண்டு வயசாகுது, இந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுத்ததில்ல. மழைக்காலத்துல இந்தச் சந்து வழியாப் போனா பஸ் ஸ்டாண்டு கிட்ட. இருந்தாலும் நான் நனைஞ்சிக்கிட்டே சுத்தித்தான் போவேன். அப்பேர்ப்பட்ட ஆளு.

எனக்கில்ல. சத்தியமா எனக்கில்ல. பூனைக்கு.

அந்த மீன்காரம்மா இன்னும் நாலு பேருக்கு வெட்டிக் குடுக்கணும், நமக்கு நேரம் இருக்கு. கேளுங்க. நம்புத மாதிரி இருக்காது, ஆனா நடந்துச்சு.

நான் பிரமநாயகம். பொதுப்பணித்துறையில சூப்ரண்டா இருந்து ரிட்டயர் ஆனவன். சுத்த சைவம். சுத்தம்னா நீங்க நெனைக்கிற சுத்தம் இல்ல. கேக்குல முட்டை இருக்குமோன்னு சந்தேகம் வந்தா மோந்து பாத்துட்டுக் கைகழுவப் போயிருவேன். வீட்ல நானும் என் வீட்டுக்காரி ஆவுடையும்தான். பையன் புனேயில இருக்கான். போன ஐப்பசி மழையில துவைக்கிற கல்லுக்கு அடியில ஒரு குட்டி வெடவெடன்னு நடுங்கிக்கிட்டுக் கெடந்துச்சு. ஆவுடை தூக்கியாந்து பால் ஊத்துனா. 'பூனை அசைவம், நம்ம வீட்டுக்கு ஆகாது'ன்னு நான் ஒரு பாட்டம் கத்துனேன். அவ என் தட்டுல மிச்சமிருந்த தயிர்சாதத்த வழிச்சு அதுக்கு வச்சா. அண்ணாச்சி, அது தின்னுச்சு பாருங்க! தட்டு பளிச்சுன்னு ஆகுத வரைக்கும் நக்குச்சு. எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. போன ஜென்மத்துல நம்ம ஆளாத்தான் இருந்திருக்கணும்னு அன்னைக்கே முடிவு பண்ணி, குமரேசன்னு பேரு வச்சேன்.

அதுக்கப்புறம் என்னைய யாரு புடிக்க? வாக்கிங் போற எடத்துல எல்லாரையும் நிறுத்தி வச்சுச் சொல்லுவேன், எங்க பூனை சைவம்னு. நம்பாதவங்கள வீட்டுக்கே கூட்டியாந்து தயிர்சாதம் வச்சுக் காட்டுவேன். அதுவும் என் மானத்தக் காப்பாத்துத மாதிரி ஒரு வாய் தின்னுட்டு, மூஞ்சியத் தொடச்சிக்கிட்டு, சுவரேறிக் குதிச்சுப் போயிரும். காலையில போனா மத்தியானம்தான் வரும். உடம்பு எப்படி மினுங்கும்ங்கீங்க! 'எல்லாம் தயிரோட மகிமை'ன்னு சொல்லுவேன். சபையில என்னையப் பேசக் கூப்பிட்டாங்க. 'உணவும் ஒழுக்கமும்'னு தலைப்பு. 'ஒரு பூனையால முடியுதுய்யா, ஒங்க பிள்ளைகளால முடியாதா?'ன்னு மேசையத் தட்டிக் கேட்டேன். கைதட்டல் அடங்க ரொம்ப நேரம் ஆச்சு. ஆவுடை முன்வரிசையில இருந்தா. அவ மட்டும் கைதட்டல, சேலைத் தலைப்ப வாயில வச்சுப் பொத்திக்கிட்டுக் குனிஞ்சிருந்தா. தோள் ரெண்டும் குலுங்குச்சு. புருசன் பேசுத அழகுல பூரிச்சு அழுதான்னுல்லா நான் நெனச்சேன்.

எங்க பக்கத்து வீடு ஞானப்பூ டீச்சருது. கணக்கு டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க, தூத்துக்குடிக்காரங்க. வீட்டுக்காரர் தவறிட்டாரு, தனியாத்தான் இருக்காங்க. மீன் இல்லாம அவங்களுக்குச் சோறு இறங்காது. நான் அவங்ககூட நல்லாப் பேசுவேன், காம்பவுண்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்னு. கிறிஸ்மஸுக்குக் கேக்கு குடுப்பாங்க, வாங்கி நல்லா நன்றி சொல்லிட்டு வீட்டு வேலைக்கு வாற அம்மாகிட்டக் குடுத்துருவோம். அவங்களும் ஒவ்வொரு வருசமும் 'உள்ள வாங்க சார்'னு கூப்பிடத்தான் செய்வாங்க. போனதில்ல. வாசம் நமக்கு ஒத்துக்கிடாதுல்லா.

ஒரு நாள் தண்ணித்தொட்டி நிறைஞ்சிருக்கான்னு பாக்க மொட்டைமாடிக்குப் போனேன். சும்மா இருந்திருக்கலாம். டீச்சர் வீட்டுப் புறவாசல்ல எட்டிப் பாத்தேன். டீச்சர் மணையப் போட்டு உக்காந்து மீன் கழுவுதாங்க. பக்கத்துல யாருங்கீங்க? நம்ம குமரேசன். முன்னங்கால் ரெண்டையும் அவங்க மடியில ஊனிக்கிட்டு ஒரு மீன்தலையக் கடவாயில வச்சு நொறுக்குதான்! நறுக் நறுக்னு சத்தம் எனக்குக் கேக்கு. அவங்க பெத்த பிள்ளையக் கொஞ்சுத மாதிரி, 'மெதுவாத் தின்னு சாமுவேலு, யாரும் புடுங்கிக்கிட மாட்டாங்க'ங்காங்க. சாமுவேலாம்! ஆவுடையும் அங்கதான் இருந்தா. படிக்கட்டுல கால நீட்டி உக்காந்து, கையில டீ டம்ளரோட விழுந்து விழுந்து சிரிச்சிக்கிட்டிருந்தா. அவ அப்படிச் சிரிச்சு நான் கேட்டே எவ்வளவோ காலம் ஆச்சு. சரி, அத விடுங்க, பூனையத் தேடிக்கிட்டுப் போயிருப்பா. நான் சொல்ல வந்தது மீன்தலையப் பத்தி.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். மாடியில நின்னுக்கிட்டே, 'டீச்சர்! அது சைவப் பூனை!'ன்னு கத்துனேன்.

எதுத்த வீட்டுக்கு வெள்ளையடிச்சிக்கிட்டிருந்த பெயிண்டர் சிரிச்ச சிரிப்புல ஏணியிலருந்து விழப் பாத்தான். டீச்சர் நிமிந்து பாத்து, 'எனக்குத் தெரியாதே சார். அதுக்கும் தெரியாது போலிருக்கு'ன்னாங்க. தெருவே சிரிக்கி. நான் அதோட நிறுத்திருக்கணும். நிறுத்தல. 'ஒங்க பழக்கத்த ஒங்க வீட்டோட வச்சிக்கிடுங்க. எங்க வீட்டு உருப்படியக் கெடுக்காதீங்க'ன்னுட்டேன். அவங்க மூஞ்சி சுண்டிப்போச்சு. சட்டியத் தூக்கிக்கிட்டு உள்ள போயிட்டாங்க. ஆவுடை டம்ளர அங்கயே வச்சிட்டு எந்திரிச்சு வந்தா. அன்னைக்கு எனக்கு அவ சோறு மட்டும்தான் போட்டா, பேச்சே இல்ல.

மறுநாளே ஆளக் கூட்டியாந்து எல்லா ஜன்னலுக்கும் கம்பி வலை அடிச்சேன். வாசக்கதவுக்கு தானா மூடிக்கிடுத மாதிரி ஸ்பிரிங் போட்டேன். புறவாசல் கதவுக்குப் பூட்டு. 'இனிமே குமரேசன் வீட்டுக்குள்ளதான்'னு சொல்லிட்டேன். எனக்குக் காரணமா இல்ல? போன்ல எத்தனை டாக்டர்மாரு பேசுதாங்க! வெளிய விட்டா வண்டி அடிக்கும், நாய் கொதறும், சீக்கு ஒட்டும், வீட்டுக்குள்ள வளருத பூனைக்குத்தான் ஆயுசு கெட்டியாம். அம்புட்டையும் ஆவுடைக்குப் போட்டுக் காட்டுனேன். எல்லாம் உண்மையான காரணம். என் காரணம் அதுல ஒண்ணுகூட இல்ல, அது வேற விசயம்.

ஆவுடை முழுசாக் கேட்டா. கேட்டுட்டு, 'ரொம்ப நாள் இருக்கும், சரி. இருந்து என்ன செய்யும்?'னா.

'என்னட்டி கேள்வி இது? திங்கும், தூங்கும், நிம்மதியா இருக்கும்'னேன்.

'பூனைன்னா நாலு வீடு போகும், நாலு பேரப் பாக்கும். அதையும் புடிச்சு அடைக்கணுமா?'ங்கா. எனக்குச் சுருக்குன்னு ஆயிட்டு. நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி, நான் யாரையாவது அடைக்கிற ஆளு மாதிரியா இருக்கேன்? ஆவுடைய எங்கயும் போகக்கூடாதுன்னு நான் சொன்னதே கிடையாது. எங்க போறன்னு கேப்பேன். எதுக்குன்னு கேப்பேன். 'என்ன வேணும்னு சொல்லு, நான் வாங்கியாரேன், நீ எதுக்கு வெயில்ல அலையணும்'பேன். அவ்வளவுதான். இதுக்கு மேல ஒரு புருசன் எப்படி இருக்க முடியும்? பூனை ஓடிரும்னுதான் 'சும்மா சும்மா கதவத் தொறக்காத'ன்னு அவகிட்டச் சொன்னேன். அவளும் தொறக்கல. பால் வாங்குததுகூட நான்தான்.

சரி, வீட்டுக்குள்ள பூனைய வச்சிக்கிட்டா என்னெல்லாம் ஆகும்னு எந்த டாக்டரும் போன்ல சொல்லல. மொத நாள் என் சாய்வு நாற்காலித் துணியக் கிழிச்சுச்சு. ரெண்டாவது நாள் நான் இஸ்திரி போட்டு வச்ச வேட்டி மேல ஒண்ணுக்குப் போயிட்டு. ஒரு தொட்டியில மணல் போட்டு வைக்கணும்னாங்க, வச்சேன். அத யாரு அள்ளுவா? ஆவுடை கையக் கட்டிக்கிட்டு நின்னா. 'அடைச்சு வச்சவங்க அள்ளட்டும்'னுட்டா. முப்பது இஞ்சினியருக்கு மெமோ எழுதுன கையி இது. தெனம் காலையில விபூதி பூசுததுக்கு முன்னால இந்தக் கையாலதான் கரண்டி எடுத்து மணல் சலிச்சேன். ஒரு கரண்டிய அதுக்குன்னே வாங்கி, தவறி அடுக்களைக்குப் போயிரக்கூடாதேன்னு அதுல நூல் கட்டி வச்சிருக்கேன்னா பாத்துக்கிடுங்க.

இவ்வளவும் செஞ்சு ஜெயிச்சிருந்தாலாவது பரவால்ல. குமரேசன் பின்பக்கத்து ஜன்னல விட்டு நகரமாட்டான். டீச்சர் வீட்டுப் புறவாசல் தெரியுத ஜன்னல். வலையில மூக்க ஒட்டிக்கிட்டு உக்காந்திருப்பான். ஆவுடையும் கை வேலை முடிஞ்சா அவன் பக்கத்துல போய் நின்னுக்கிடுவா. ரெண்டு பேரும் மணிக்கணக்கா அப்படி என்னத்தத்தான் பாப்பாங்களோ. நான் டிவி சத்தத்தக் கூட்டி வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன்.

தயிர்சாதம் மட்டும்தான். மூணு வேளையும், மாசக்கணக்கா. அப்பத்தான் அண்ணாச்சி, அது நெசமாவே சைவப் பூனை ஆச்சு. ஆனதும் என்ன ஆச்சுன்னு கேளுங்க. முடி கொத்துக் கொத்தாக் கொட்டுச்சு. மினுமினுப்பெல்லாம் போயி, பழைய மிதியடி மாதிரி ஆயிட்டு. ஜன்னலுக்குத் தாவும், தவறி விழும். 'வெளையாடுதான் பாரு'ன்னு சிரிச்சேன். நாற்காலிக் கால்ல போயி முட்டும். 'கூறுகெட்ட பய'ன்னு திட்டுனேன். நேத்து ஆவுடை அது மூஞ்சிக்கு நேரா விரல ஆட்டுனா. அது கண்ணச் சிமிட்டவே இல்ல. இன்னொருக்க ஆட்டுனா. 'ஏங்க, இதுக்குக் கண்ணு தெரியலங்க'ன்னு அப்படியே தரையில உக்காந்துட்டா.

கட்டைப்பையில வச்சுத் தூக்கிக்கிட்டு நான் மட்டும் டாக்டர்ட்ட ஓடுனேன். சின்ன வயசுப் பொண்ணு. டார்ச் அடிச்சுக் கண்ணப் பாத்துச்சு, நெஞ்சுல கொழாய வச்சுக் கேட்டுச்சு. 'என்ன சாப்பாடு குடுக்கீங்க?'ன்னுச்சு. நான் என்ன சொன்னேன்ங்கீங்க? அந்த நேரத்துலயும் நெஞ்ச நிமித்திக்கிட்டு, 'சுத்த சைவம்மா'ன்னேன். பெருமையா!

அந்தப் பொண்ணு டார்ச்சக் கீழ வச்சுச்சு. 'ஐயா, கறி மீன் இல்லாமப் பூனைக்கு ஒடம்பு ஓடாது. மொதல்ல கண்ணு போகும், அப்புறம் இருதயம். இதுக்கு ரெண்டுமே ஆரம்பிச்சிருக்கு. நீங்க சைவமா இருங்க, வேண்டாம்னு சொல்லல. ஒங்க சைவத்துக்கு அது எதுக்குக் கண்ணக் குடுக்கணும்?'னுச்சு. மருந்து எழுதிக் குடுத்துச்சு. சாளை மீனு, ஈரல் எல்லாம் வேகவச்சு உப்பில்லாமக் குடுக்கணும், இனிமேயாவது குடுத்தா உசுரு தங்கும், பார்வை எவ்வளவு திரும்பும்னு சொல்ல முடியாதுன்னுச்சு. வண்டி நிறுத்துத எடத்துல வந்து நின்னு அழுதேன் அண்ணாச்சி. பையத் தூக்கி நெஞ்சோட வச்சிக்கிட்டு அழுதேன். வாட்ச்மேன் நாய் செத்துப்போச்சாக்கும்னு நெனச்சு எனக்குத் தண்ணி கொண்டாந்து குடுத்தாரு.

ஆனா மனுசன் எப்படிப்பட்டவன் பாருங்க. கண்ணு தெரியாததத் தெருவுல விட்டுராதீங்க, உள்ளயே வச்சிக்கிடுங்கன்னும் டாக்டர் சொல்லிருந்துச்சு. அது பாதி வழியில ஞாபகம் வந்துச்சு. உடனே எனக்கு உள்ளுக்குள்ள ஒரு குளிர்ச்சி. வீட்டுக்குள்ள கால வச்சதும் மொத வார்த்தையா, 'பாத்தியா, டாக்டரே உள்ளதான் வச்சிக்கிடணும்னு சொல்லிட்டாங்க'ன்னேன். கண்ணப் பத்தி அப்புறம்தான் சொன்னேன். இப்ப ஒங்ககிட்டச் சொல்லும்போது நாக்கப் புடுங்கிக்கிடலாம் போல இருக்கு.

ஆவுடை குமரேசனப் பையிலருந்து எடுத்து மடியில வச்சிக்கிட்டா. அப்புறம், 'சரி, அது உள்ளயே இருக்கட்டும். அப்ப மீனு உள்ள வரட்டும்'னா.

'நம்ம வீட்டுக்குள்ளயா?'

'பின்ன? அதுவும் வெளிய போகக்கூடாது, மீனும் உள்ள வரக்கூடாதுன்னா, நடுவுல கெடந்து அது சாகணுமா?'

'டீச்சர்ட்ட நீ கேட்டுப் பாரேன்'னு இழுத்தேன்.

'மாடியில நின்னு கத்துனது நானா? நீங்கதான் வாங்கணும், நீங்கதான் வேகவைக்கணும், நீங்கதான் கழுவணும். நான் தொடமாட்டேன்'னு சொல்லிட்டுப் போயிட்டா.

ராத்திரி முழுக்க யோசிச்சேன். குமரேசான்னு கூப்பிட்டுப் பாத்தேன். முன்னெல்லாம் என் செருப்புச் சத்தம் கேட்டாலே ஓடியாந்து காலச் சுத்தும். இப்ப என் குரலக் கேட்டா கட்டிலுக்கு அடியில போயி முடங்கிக்கிடுது. அது செத்துப்போச்சுன்னா என்னால தாங்க முடியாது அண்ணாச்சி. பொழச்சு எங்கிட்ட வராமலே இருந்துட்டாலும் தாங்க முடியாது. அதான் விடிஞ்சதும் ஆவுடைகிட்டக்கூடச் சொல்லிக்கிடாம வந்துட்டேன். வந்து அரைமணி நேரமா இந்தச் சந்து முனையில எலுமிச்சம்பழம் வாங்குத மாதிரி நின்னேன். ஒரு பை எலுமிச்சம்பழம் சேந்துபோச்சு பாருங்க.

இருங்க, போன் அடிக்கி. அவதான்.

ஆங், சொல்லு... மார்க்கெட்டுலதான்... ஆமா, அந்தப் பக்கம்தான், வாங்கத்தான் வந்தேன்... என்னது?... யாரு வீட்ல?... யாரு தூக்கிட்டுப் போனது?... தின்னுச்சா?... நெசமாவா?... நான் வந்து கூட்டியாரேன்... சரி... சரி, அப்ப சாவி?... எப்ப வருவ?... ஏ, இந்தா, ஏட்டி... வச்சிட்டா.

அண்ணாச்சி, அவ டீச்சர் வீட்ல இருக்காளாம். குமரேசனத் துண்டுல பொதிஞ்சு தூக்கிக்கிட்டு, வீட்டைப் பூட்டிட்டு, அவபாட்டுக்குப் போயிட்டா. டீச்சர் மீன வேகவச்சு முள்ளெடுத்து ஊட்டிருக்காங்க. தின்னுட்டு அவங்க மடியிலயே தூங்குதாம். நாலு பக்கமும் சுவர் இருக்க புறவாசல்ல மோப்பம் புடிச்சு ஒரு சுத்து நடந்து பாத்துச்சாம். 'நான் வந்து கூட்டியாரேன்'னு சொன்னதுக்கு, 'கூட்டிட்டுப் போக வாறதுன்னா வராதீங்க. வாறதுன்னா சும்மா வாங்க'ங்கா. சாவியக் கேட்டா, வாசல்ல நின்னு கேட்டாக் கெடைக்காதாம். உள்ள வந்து உக்காந்து, டீச்சர்ட்டப் பேச வேண்டியதப் பேசிட்டுத்தான் வாங்கணுமாம். கல்யாணம் ஆன நாள்லருந்து எங்கிட்ட அவ ஒரே மூச்சுல இவ்வளவு பேசுனதே இல்ல. பின்னால டீச்சர் வேற சிரிக்காங்க.

கடைசியா, 'எப்ப வருவ?'ன்னு கேட்டேன். 'யாரக் கேக்கீங்க, பூனையவா, என்னையவா?'ங்கா. நான் முழிக்கதுக்குள்ள போன வச்சிட்டா.

இந்த எலுமிச்சம்பழப் பையக் கொஞ்சம் புடிங்க. டீச்சர்ட்ட மன்னிப்புக் கேக்குதது பெரிய காரியமில்ல, கேட்டுருவேன், நான் பேசுன பேச்சுக்குக் கேக்கத்தான் வேணும். ஆனா அங்க போயி உக்காந்து கூப்பிடுதேன்னு வைங்க. அது திரும்பிப் பாக்கலைன்னா? எந்திரிச்சு வரலைன்னா? அவளும் எந்திரிச்சு வரலைன்னா நான் என்ன செய்ய?

என்னம்மா, என் முறை வந்துட்டா? அரைக்கிலோ சாளை. இல்ல, நில்லுங்க, ஒரு கிலோவாப் போடுங்க. டீச்சரும் இருக்காங்கள்ல, வெறுங்கைய வீசிக்கிட்டா போக முடியும்? வெட்டிக் குடுக்கணுமாவா? எனக்கென்ன தெரியும் தாயி. அவங்க எப்படிச் சாப்பிடுவாங்கன்னு நான் கேட்டதே இல்லியே.

அண்ணாச்சி, நீங்க எந்தப் பக்கமாப் போறீங்க? எங்க தெரு இங்கனதான், பக்கம்தான். எனக்காக டீச்சர் வீட்டு வாசப்படி வரைக்கும் வந்துட்டுப் போங்களேன். உள்ள நானே போயிருவேன்.